கடுக்காயை வீட்டில் கையாளத் தொடங்குவோருக்கு: மரம் முதல் சூரணம் வரை

அரூரிலிருந்து சித்தேரி மலைக்கு ஏறும் சாலையில் தை, மாசி மாதங்களில் சென்றால், சில வீடுகளின் முற்றத்தில் மஞ்சளும் பழுப்பும் கலந்த சிறு காய்கள் சாக்கின் மேல் பரப்பிக் காய்வதைக் காணலாம். ஊருக்குப் புதியவர்கள் அவற்றை ஏதோ ஒரு காட்டுக்காய் என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். அது கடுக்காய். தருமபுரி மாவட்டத்தின் மலைகளில் இயல்பாக வளரும் மரங்களுள் சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் மிக அதிகமாகப் பயன்படுத்தும் மரம் எது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

முழுக் கடுக்காயை இதுவரை கையில் எடுத்துப் பார்க்காதவர்களுக்காகவும், கடையில் பொடியாக மட்டுமே அறிந்தவர்களுக்காகவும் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். மரத்தை அடையாளம் காண்பது, காயைத் தேர்ந்து வாங்குவது, தூய்மைப்படுத்திக் கொட்டையை நீக்குவது, பொடிப்பது, அளவறிந்து உண்பது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லலாம். இவற்றுள் எந்தப் படியை விட்டாலும் ஈடுகட்டிவிடலாம். கொட்டையை நீக்கும் படியை மட்டும் விடக்கூடாது. ஆகவே அதைப் பற்றித்தான் சற்று விரிவாக எழுதியிருக்கிறேன்.

மரத்தை அறிதல்

கடுக்காய் மரம் மருதமரக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒகேனக்கல்லில் காவிரிக் கரையோரமாக ஓங்கி நிற்கும் நீர்மருதும், காடுகளில் காணப்படும் தான்றியும் இதன் நெருங்கிய உறவு மரங்கள். உறவு மரங்கள் என்பதாலேயே புதியவர்களுக்கு இவற்றில் குழப்பம் வருகிறது. நீர்மருதின் பட்டை வழவழப்பாகவும் சாம்பல் கலந்த வெண்மையாகவும் இருக்கும். அதன் காய்க்கு ஐந்து இறக்கைகள் உண்டு. தான்றியின் இலைகள் கிளை நுனியில் கொத்தாகக் கூடி நிற்கும். அதன் காய் மேலே மெல்லிய பூமயிர் படிந்து, ஏறக்குறைய உருண்டையாக இருக்கும். கடுக்காயின் இலைகளோ இணையிணையாக, எதிரெதிரே சற்று விலகி அமைந்திருக்கும். இலைக்காம்பின் மேல்முனையில் இரண்டு சிறு சுரப்பிகள் புடைத்துத் தெரியும். காய் 2.5 முதல் 4 செ.மீ. நீளம் வரை இருக்கும். பச்சையாக இருக்கையில் வழவழப்பாகத் தோன்றினாலும், காய்ந்தபின் நீளவாக்கில் ஐந்து வரிகள் எழும்பி நிற்கும். விரலால் தடவினால் அந்த ஐந்து வரிகளும் தெரிய வேண்டும்.

மரம் கோடைக்கு முன் இலையுதிர்த்து, புதுத் தளிரோடு சித்திரை, வைகாசியில் பூக்கும். மங்கலான வெண்மஞ்சள் நிறத்தில் கதிர்போல் நிற்கும் அந்தப் பூக்களின் மணம் எல்லோருக்கும் பிடிப்பதில்லை. கார்த்திகைக்கு மேல் காய் முற்றத் தொடங்கி, தை, மாசியில் தானாக உதிரும். மருந்துக்கு உகந்தது அவ்வாறு முற்றி உதிர்ந்த காய்தான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நாட்டு மருந்துக் கடைகளில் ‘கடுக்காய்ப் பூ’ என்று விற்கப்படுவது இம்மரத்தின் பூ அன்று. பூச்சி தாக்கிய இடத்தில் இலையிலும் இளங்கொம்பிலும் உருவாகும் புடைப்பு அது. அதற்கும் சித்த மருத்துவத்தில் பயன் உண்டு. ஆயினும் கடுக்காயின் இடத்தில் அதைப் பயன்படுத்தக் கூடாது.

பறிக்கலாமா, வாங்கலாமா?

புதியவர்கள் காட்டுக்குள் சென்று பொறுக்கிக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். சித்தேரி, மேலகிரி போன்ற மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு. அங்கே காயோ பட்டையோ எடுப்பதற்கு வெளியாருக்கு உரிமை இல்லை. சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அக்காடுகளை நம்பி வாழும் மலைவாழ் மக்களுக்கு வழங்கியிருக்கிறது; சித்தேரியில் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்களுக்குக் கடுக்காயும் புளியும் தேனும் ஆண்டு வருமானத்தின் ஒரு பகுதி. அவர்களிடமிருந்து நேரே வாங்குவது முறையானது மட்டுமன்று, உங்களுக்கும் நல்லது. ஏனெனில் அந்த ஆண்டின் காயே கிடைக்கும். இயலாதவர்கள் அரூர், தருமபுரி, கிருஷ்ணகிரி கடைவீதிகளில் உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் முழுக் காயாகக் கேட்டு வாங்கலாம்.

பொடியாக வாங்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் நான் வாங்கிய கடுக்காய்ப் பொடி வெளிர்நிறமாக, நாக்கில் மணல்போல் நறநறவென்று இருந்தது. மூன்றாம் நாள் வயிற்றை முறுக்கிக்கொண்டு வலி வந்தது. பொடியைச் சலித்துப் பார்த்தபோது மரத்தூள் போன்ற துகள்கள் சல்லடையில் நின்றன. காயைக் கொட்டையோடு சேர்த்தே அரைத்திருக்கிறார்கள். எடை கூடும், உழைப்பு குறையும், விற்பவருக்கு ஆதாயந்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கடுக்காய் முழுக் காயாக மட்டுமே வருகிறது.

தேர்ந்தெடுக்கும்போது கையில் கனமாக இருக்கும் காயை எடுங்கள். தண்ணீரில் இட்டால் அமிழும் காயே நல்லது என்பது பழைய தேர்வு. கடைக்காரர் அனுமதித்தால் செய்து பாருங்கள், இல்லாவிட்டால் வீட்டில் செய்து மிதப்பதை ஒதுக்குங்கள். புழுத் துளை உள்ளதையும், பூஞ்சை படிந்து சாம்பல் பூத்ததையும் தவிர்க்க வேண்டும். ஒன்றை உடைத்துப் பார்த்தால் சதை மஞ்சள் கலந்த பழுப்பாக, கெட்டியாக, கொட்டையைச் சுற்றித் தடித்து இருக்க வேண்டும். தோல் மெலிந்து கொட்டை பெருத்த காயில் மருந்து குறைவு. மருந்துக் கடையில் கருங்கடுக்காய், செங்கடுக்காய், வரிக்கடுக்காய், பால்கடுக்காய், பிஞ்சுக் கடுக்காய் என்று பல பெயர்கள் காதில் விழும். தொடங்குபவர் முற்றிய வரிக்கடுக்காயோடு நின்றுகொள்வது போதும். முதன்முறை கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள்.

அகநஞ்சை நீக்குதல்

‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்பது நம் வீடுகளில் வழங்கும் சொல். சுக்கின் மேல்தோலைச் சீவ வேண்டும். கடுக்காயின் உட்கொட்டையை நீக்க வேண்டும் என்பது அதன் பொருள். மருந்து முழுவதும் வெளிச்சதையில் இருக்கிறது. துவர்ப்பைத் தரும் டானின் வகைச் சேர்மங்களான செபுலினிக் அமிலமும் செபுலாஜிக் அமிலமும் அந்தச் சதையில்தான் செறிந்துள்ளன. உள்ளே இருக்கும் கொட்டை கல்போன்றது. அதன் பருப்பை மரபு நஞ்சு என்றே சொல்லி விலக்குகிறது.

இனி செய்முறை. காய்களை முதலில் நன்றாகக் கழுவி மண்ணைப் போக்குங்கள். பிறகு, சோற்றுக்கு அரிசி கழுவும்போது இரண்டாம் முறை வரும் கழுநீரை ஒரு மண் சட்டியிலோ கண்ணாடிப் பாத்திரத்திலோ எடுத்து, காய்கள் மூழ்கும்படி ஓர் இரவு ஊற வையுங்கள். இதைத்தான் சித்த மருத்துவத்தில் சுத்தி என்கிறார்கள். இரும்புச் சட்டியும் இரும்பு வாணலியும் இந்த வேலைக்கு ஆகவே ஆகா. கடுக்காயின் டானின் இரும்போடு சேர்ந்தால் கன்னங்கரேலென்று கறுத்துவிடும். அன்னபேதி என்னும் இரும்பு உப்பைச் சேர்த்து நம் முன்னோர் எழுத்து மை காய்ச்சியது இதே வினையைக் கொண்டுதான். மை தயாரிக்க நல்லது, மருந்துக்கு ஆகாது.

காலையில் நீரை வடித்துவிட்டுப் பார்த்தால் சதை சற்று இளகியிருக்கும். அம்மியின் மேல் வைத்து, குழவியின் முனையால் மெல்லத் தட்டினால் சதை பிளந்து கொட்டையை விட்டு விலகும். ஓங்கி அடிக்கக் கூடாது. கொட்டை நொறுங்கினால் அதன் சில்லு சதையோடு கலந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது. விலகாத சதையை எவர்சில்வர் கத்தியால் வழித்தெடுக்கலாம். நொறுங்கிய காய் எதுவாயினும் மனம் தளராமல் ஒதுக்கிவிடுங்கள். கையில் மஞ்சள் கறை படியும், ஓரிரு நாளில் போய்விடும். உடுத்திய துணியில் படிந்தால் எளிதில் போகாது. கலம்காரித் துணிக்குச் சாயம் பிடிப்பதற்கு முன் கடுக்காய் நீரில் தோய்க்கிறார்கள் என்றால் அதன் பிடிப்பு எத்தகையது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பழைய சேலையோ வேட்டியோ உடுத்திக்கொண்டு உட்காருவது நல்லது.

பிரித்த சதையை வெள்ளைத் துணியில் பரப்பி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். மாலையில் பனி இறங்குமுன் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். தளி, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி, தைப் பனியில் ஓரிரவு வெளியில் கிடந்தால் மறுநாள் பூஞ்சை வாடை அடிக்கும். ஒரு துண்டை ஒடித்தால் வளையாமல் ‘டக்’ என்று முறிந்தால் காய்ந்தது என்று பொருள். வாங்கிய எடைக்கும் இப்போதுள்ள எடைக்கும் பெருத்த வேறுபாடு இருப்பதைக் கண்டு வருந்த வேண்டாம்.

பொடித்தல்

காய்ந்த சதையை உரலில் இடித்தோ மிக்சியில் அரைத்தோ பொடிக்கலாம். மிக்சியில் அரைப்பவர்கள் விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் பொடி சூடேறும். முதலில் மெல்லிய சல்லடையில் சலித்து, பின் சுத்தமான மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டுவதுபோல் சலிக்க வேண்டும். இதற்கு வஸ்திரகாயம் என்று பெயர். துணியில் நிற்பதை மீண்டும் இடித்துச் சலிக்கலாம். நாக்கில் வைத்தால் நறநறப்பு இன்றி, முதலில் துவர்ப்பும் பிறகு மெல்லிய இனிப்பும் தோன்ற வேண்டும். அறுசுவையில் உப்பு நீங்கலாக ஐந்தும் கடுக்காயில் உண்டு என்பார்கள்; கடைசியில் வரும் அந்த இனிப்பைத் தண்ணீர் குடித்தால் இன்னும் தெளிவாக உணரலாம்.

உண்ணும் முறையும் அளவும்

‘காலையில் இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலையில் கடுக்காய்’ என்று ஒரு மண்டலம் உண்டால், கோலூன்றி நடப்பவரும் கோலை வீசி நடப்பார் என்ற பாட்டைக் கேளாதவர் குறைவு. இன்று அதை அப்படியே எடுத்துக்கொண்டு முதல் நாளே ஒரு கரண்டிப் பொடியை வாயில் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. அது தவறு. ஆயுர்வேத மருந்து நூலின் அளவு பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம் வரை. தொடங்குபவர் 1 கிராமில், அதாவது இரண்டு மூன்று சிட்டிகையில் தொடங்கி, நான்கைந்து நாள் வயிறு எப்படி ஏற்கிறது என்று பார்த்து, தேவையென்றால் மட்டும் 3 கிராம் வரை ஏற்றலாம். அதற்குமேல் செல்ல வேண்டுமானால் சித்த மருத்துவரின் சொல் வேண்டும்.

மலச்சிக்கலுக்கு, இரவு உணவுக்குப் பின் படுக்கைக்குச் செல்லுமுன் வெதுவெதுப்பான நீரில் கலந்து குடிப்பதே வழக்கம். மறுநாள் காலை ஒருமுறை இளக்கமாகப் போனால் அளவு சரி. மூன்று நான்கு முறை போனால் அளவு மிகுதி. மறுநாள் விட்டு, பிறகு பாதியாகக் குறைக்க வேண்டும்.

இதில் வியப்பான ஒன்று உண்டு. ஒரே காய் செய்முறைக்கேற்பப் பயன் மாறுகிறது என்று ஆயுர்வேதம் சொல்கிறது. மென்று தின்றால் பசியைத் தூண்டும். அரைத்து உண்டால் மலத்தைப் போக்கும். ஆவியில் வேகவைத்து உண்டால் கழிச்சலைக் கட்டும். வறுத்து உண்டால் வாதம், பித்தம், கபம் மூன்றையும் சமன்செய்யும். மலமிளக்கியாகவே கடுக்காயை அறிந்தவர்கள், வயிற்றுப்போக்குக்கும் அதையே கொடுப்பதைக் கண்டு திகைப்பது இதனால்தான். துவர்ப்பு குடலைச் சுருக்கிக் கட்டும் தன்மை உடையது. பொடியின் அளவு கூடும்போது இளக்கும் தன்மை மேலோங்குகிறது. ஆனால் குழந்தைக்கோ முதியவருக்கோ வயிற்றுப்போக்கு என்றால் கடுக்காயைத் தேடிக்கொண்டிராமல் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். நீரிழப்பைத் துவர்ப்பு ஈடுசெய்யாது.

ஆண்டு முழுவதும் உண்ண விரும்பியவர்களுக்குப் பருவத்துக்கு ஒரு துணைப்பொருளை நூல்கள் வகுத்திருக்கின்றன. கார்காலத்தில் இந்துப்பு, கூதிரில் சர்க்கரை, முன்பனியில் சுக்கு, பின்பனியில் திப்பிலி, இளவேனிலில் தேன், முதுவேனிலில் வெல்லம். நம் பெரும்பொழுது ஆறுக்கும் ஆறு துணை. பென்னாகரம் பக்கத்துக் கோடையில் தொண்டை வறளும்போது கடுக்காயைத் தனியே உண்டால் இன்னும் வறட்சியாக இருக்கும். சிறிது வெல்லம் சேர்த்தால் அந்த வறட்சி தெரிவதில்லை என்பது என் அனுபவம். சர்க்கரை நோயாளிகள் வெல்லம், தேன், சர்க்கரை சேரும் பருவங்களில் வெந்நீரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு மண்டலம் உண்டபின் சில வாரங்களேனும் இடைவெளி விடுங்கள். கடுக்காய் இன்றி மலம் கழிக்க முடியாது என்ற நிலைக்கு உடலைப் பழக்கிவிட்டால், மருந்து வழக்கமாகிவிட்டது என்று பொருள்.

வாய்க்கும் பல்லுக்கும்

உள்ளே உண்ணத் தயங்குபவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். உண்மையில் நான் முதலில் பரிந்துரைப்பதும் இதைத்தான். ஒரு தேக்கரண்டிப் பொடியை இரண்டு டம்ளர் தண்ணீரில் இட்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி, காலையும் இரவும் வாய் கொப்பளிக்க வேண்டும். ஈறு வீக்கம், வாய்ப்புண், தொண்டைக் கரகரப்பு ஆகியவற்றுக்கு நம் வீடுகளில் நெடுங்காலமாகச் செய்துவரும் முறை இது. விழுங்க வேண்டியதில்லை. அன்றன்றைக்குக் காய்ச்சியதை அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை, குறிப்பாக வெற்றிலை பாக்கோ புகையிலையோ போடுபவர்களின் புண்ணை, எந்தக் கொப்பளிப்பாலும் ஆற்ற முயலாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பல்பொடிக்கு, சலித்த கடுக்காய்ப் பொடியோடு கால் பங்கு இந்துப்பைச் சேர்த்து விரலால் ஈறில் தேய்க்கலாம். நாள்தோறும் தேய்த்தால் பல்லில் மெல்லிய கறை படியலாம். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும்.

திரிபலா

கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றையும் கொட்டை நீக்கி, காயவைத்து, சம எடையாகப் பொடித்துக் கலந்தால் திரிபலா. கடுக்காயைத் தனியே ஏற்காத வயிறும் இந்தக் கலவையை ஏற்பதுண்டு. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனியைக் கொடுத்த தகடூர்தான் இன்றைய தருமபுரி. நெல்லியின் பெருமையை இந்த ஊர்க்காரர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நெல்லியைக் காயவைக்கும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். நீர்ச்சத்து மிகுதியாதலால் விரைவில் பூசணம் பிடிக்கும்.

யார் உண்ணக் கூடாது

கருவுற்ற பெண்கள் எந்த அளவிலும் உண்ணக் கூடாது. இதில் விலக்கே இல்லை. பாலூட்டும் தாய்மாரும் சிறு குழந்தைகளும் மருத்துவர் சொல்லாமல் உண்ணலாகாது. நோயாலோ பட்டினியாலோ உடல் மெலிந்தவர்கள், நீரிழப்பு உள்ளவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவர்கள் கடுக்காயையும் சேர்த்து நாள்தோறும் உண்டால் இரத்தச் சர்க்கரை மேலும் குறைய வாய்ப்புண்டு. மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும், மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

இரத்தசோகை உள்ளவர்களுக்குத் தனியே சொல்கிறேன். கடுக்காய் இரும்புச் சட்டியைக் கறுப்பாக்குவது போலவே, வயிற்றுக்குள்ளும் டானின் இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு உடல் அதை ஏற்கவிடாமல் தடுக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை உண்ணும் பெண்கள் நம் கிராமங்களில் ஏராளம். அவர்கள் மாத்திரையையும் கடுக்காயையும் ஒன்றாக உண்ணவே கூடாது. இரத்தம் ஏறும்வரை கடுக்காயை நிறுத்திவைப்பதே நல்லது. உணவோடு சேர்த்து உண்ணாமல், உணவு முடிந்து நேரம் கழித்து உண்ண வேண்டும் என்பதற்கும் இது ஒரு காரணம்.

ஐயம் எழுந்தால், அரசு மருத்துவமனைகளில் உள்ள சித்த மருத்துவப் பிரிவில் காட்டி, நீங்கள் உண்ணும் மற்ற மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துச் சென்று கேளுங்கள்.

சேமிப்பும் கொட்டையும்

பொடியைக் கண்ணாடிச் சீசாவில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுத்துப் பயன்படுத்த வேண்டும். சூரணத்தின் ஆயுள் மூன்று மாதம் என்பது சித்த மருத்துவ வழக்கு. ஆகவே சீசாவின் மேல் பொடித்த தேதியை எழுதி ஒட்டுங்கள். மீதியைக் காயாகவே வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பொடிப்பதே சிறந்தது. நன்கு காய்ந்த காய் ஓராண்டுக்கு மேலும் கெடாது.

நீக்கிய கொட்டைகளைக் குழந்தைகள் எடுத்து விளையாடும் இடத்தில் போடாதீர்கள். இடம் உள்ளவர்கள், நொறுங்காத கொட்டைகளில் சிலவற்றை எடுத்து நட்டுப் பார்க்கலாம். கடையில் நெடுநாள் கிடந்த காயின் கொட்டை முளைப்பது அரிது. மலையிலிருந்து அந்த ஆண்டு வந்த காயாக இருக்க வேண்டும். ஓடு தடித்ததாதலால் அகன்ற முனையை அரத்தால் சிறிது தேய்த்துவிட்டு, ஒன்றரை நாள் தண்ணீரில் ஊறவைத்து, செம்மண்ணும் மணலும் மட்கிய எருவும் கலந்த பையில் ஊன்றுங்கள். பத்துக்கு இரண்டு முளைத்தால் நிறைவு. முளைத்த கன்றை ஆடு தொடாதபடி இரண்டு ஆண்டு காத்து, மழைக்காலத் தொடக்கத்தில் வரப்போரம் நடலாம். காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், மற்ற மரங்களின் நிழல் விழாத இடமாகப் பார்த்து நடுங்கள்.